கர்நாடக வயலினோடு டென்னசிக்கு வந்துவிட்டீர்களா? ப்ளூகிராஸ் ஃபிடில் வாசிக்க ஒரு வழிகாட்டி

திருச்சியில் பதினோரு வருஷம் வயலின் கற்றுக்கொண்டு, கல்யாணமாகி டென்னசி மாநிலத்து நாஷ்விலுக்கு வந்தவள் நான். ப்ளூகிராஸ் என்பது கிடார், பாஞ்சோ, மாண்டலின், ஃபிடில் சேர்ந்து வாசிக்கும் அமெரிக்க நாட்டுப்புற பாணி இசை; ஃபிடில் என்பது நம் வயலின்தான். ப்ளூகிராஸ் வாசிக்கும் இடங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் நாலைந்து இருந்தும், அந்த வட்டத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டுக்கு ஒழுங்காக வாசிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அதில் ஒரு வருஷமாவது வீண். இப்போது வார இறுதிகளில் ஒரு குழுவோடு வாசிக்கிறேன், கொஞ்சம் காசும் வருகிறது. வயலின் பெட்டியை அலமாரி மேல் வைத்துவிட்டு என்ன செய்வதென்று யோசிக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். மேற்கத்திய முறையில் கற்றவர்கள் 3, 4 இரண்டையும் தாண்டிப் போகலாம்.

1. வில்லைத் தொடும் முன் விசாவைப் பாருங்கள்

இதை முதலில் வைக்கக் காரணம் உண்டு. உங்களுக்கு ஃபிடில் வரும் என்று தெரிந்தால் நாலைந்து மாதத்திலேயே யாராவது "சனிக்கிழமை ஒரு பார்ட்டி, வருகிறீர்களா?" என்று கேட்பார்கள். எனக்கு அப்படி ஒரு வாசிப்பு முடிந்ததும் அறுபது டாலரைக் கையில் திணித்தார்கள். அப்போது நான் ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசா வைத்திருப்பவரின் துணைவருக்கான விசா) இருந்தேன், வேலை அனுமதி அட்டை இல்லை. கூட வந்த தோழி கண்ணைக் காட்டியதால் திருப்பிக் கொடுத்தேன். வாங்கியிருந்தால் அது அனுமதியில்லாத வேலை. பின்னால் கிரீன் கார்டுக்குப் போகும்போது அந்த அறுபது டாலருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

ஹெச்-1பி வைத்திருப்பவர் தனக்காக மனுச் செய்த நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். வார இறுதியில் பாரில் வாசித்து டிப்ஸ் வாங்குவதும் வேலைதான். ஹெச்-4இல் இருப்பவர், கணவர் அல்லது மனைவிக்காக நிறுவனம் கிரீன் கார்டுக்குப் போட்ட ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அட்டை வந்துவிட்டால் யாருக்கும் வாசிக்கலாம், சொந்தமாகவும் தொழில் செய்யலாம். நிறுவன மாற்றலில் வந்தவர்களின் எல்-2 துணைவர்களுக்கு, ஐ-94 என்ற வருகைப் பதிவில் எல்-2எஸ் என்று இருந்தால் அட்டை இல்லாமலே வேலை செய்ய முடியும். எஃப்-1 மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே கைநீட்டிக் காசு வாங்கும் முன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டே ஆக வேண்டும்.

ஹெச்-4 அட்டைக்குத் தேவையானவை: ஐ-765 படிவம், உங்கள் ஐ-94, பாஸ்போர்ட் நகல், இரண்டு புகைப்படங்கள், திருமணச் சான்றிதழ், துணைவரின் ஐ-140 ஏற்புக் கடிதம். தமிழில் மட்டும் உள்ள சான்றிதழ் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் சேர்த்து வையுங்கள். 2024 ஏப்ரல் முதல் தாளில் அனுப்பும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் 520 டாலர். அனுப்பும் அன்று கட்டண அட்டவணையை இன்னொரு முறை பாருங்கள். 2025 அக்டோபர் 28க்குப் பிறகு குடியேற்றத் துறை காசோலை வாங்குவதில்லை. கார்டில் கட்ட ஜி-1450 படிவம் வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் அதே ஐ-765இல் கேட்டுவிடலாம், தனியாக அலைய வேண்டாம்.

பெரிய பொறி புதுப்பிப்பில் இருக்கிறது. 2025 அக்டோபர் 30 முதல் புதுப்பிக்க விண்ணப்பிப்பவர்களுக்கு, பழைய அட்டை தானாக நீளும் சலுகை நின்றுவிட்டது. அட்டை முடிய 180 நாள் இருக்கும்போதே அனுப்புங்கள். புது அட்டை வராமல் பழையது முடிந்துவிட்டால் அன்றிலிருந்து காசு வாங்கும் வாசிப்பு எதற்கும் போகக் கூடாது.

அதுவரை என்ன செய்வது? எல்லாரும் வட்டமாகக் கூடிக் காசில்லாமல் சும்மா வாசிக்கும் "ஜாமுக்கு"த் தாராளமாகப் போகலாம். ஆனால் மற்றவர்களுக்குக் காசு தரும் மேடையில் "நான் மட்டும் இலவசமாக வாசிக்கிறேன்" என்பது சிக்கலான இடம். அதற்கு ஒரு வக்கீலைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

2. கருவி: புதிது வாங்காதீர்கள்

உங்களிடம் இருக்கும் வயலினே போதும். கடையில் கொடுத்துச் சரிசெய்ய எனக்கு 120 டாலர் ஆனது: பிரடை இறுக்கி, குதிரையைக் கொஞ்சம் தட்டையாகச் சீவி, நாலு தந்திக்கும் நுண்சுருதித் திருகு போட்டார்கள். குதிரை தட்டையாக இருந்தால் இரண்டு தந்தியைச் சேர்த்து இழுப்பது சுலபம். இங்கே பாதி வாசிப்பு அப்படித்தான். தந்திக்கு எஃகு மையம் உள்ளதாகக் கேளுங்கள். ஹெலிகோர், ப்ரிம் இரண்டும் ஃபிடில்காரர்களிடம் பரவலாக இருப்பவை. ஒரு செட் நாற்பதிலிருந்து எழுபது டாலருக்குள் வரும்.

வெளியில் வாசிக்க ஒரு கார்பன் வில் வாங்கி வையுங்கள், இருநூறு டாலருக்குள் கிடைக்கும். தாத்தா கொடுத்த மர வில்லைத் திறந்தவெளி விழாவுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

இன்னொன்று. ஜூலை மாதம் மளிகைக் கடைக்குள் இருபது நிமிஷம் போய்வந்தேன், வயலின் காரில். திரும்பி வந்து பார்த்தால் மேல்பலகையின் ஓரம் பசைவிட்டுத் திறந்திருந்தது. ஒட்ட 90 டாலர், இரண்டு வாரம் காத்திருப்பு. வயலினில் போடும் பசை சூட்டில் இளகும் பசை. காரில் விடாதீர்கள், ஐந்து நிமிஷம்கூட.

3. ச-ப-ச-ப-வை மறந்து, எழுந்து நில்லுங்கள்

5 கட்டை சுருதியில் ச-ப-ச-ப என்று வைத்துப் பழகியவர்களுக்குத் தந்திகள் ஜி-டி-ஜி-டி. இங்கே ஜி-டி-ஏ-இ. மேல் இரண்டு தந்தியும் ஒரு முழு ஸ்வரம் ஏற வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய தந்தியை முறுக்கினேன், முகத்துக்கு நேரே அறுந்தது. புதுத் தந்தி போட்டுவிட்டு ஏற்றுங்கள்.

உட்கார்ந்து, காலில் ஊன்றி வாசித்த கைக்கு, நின்று வாசிப்பது முதலில் நரகம். இடது கை வயலினைத் தாங்கவும் வேண்டும், ஓடவும் வேண்டும். தோள்தாங்கி வாங்கிக்கொள்ளுங்கள். தினம் இருபது நிமிஷம் நின்றபடி வாசித்தால் நாலைந்து மாதத்தில் கழுத்து பழகிவிடும். எனக்கு ஐந்து மாதம்.

ஒரு ஆறுதல் சொல்கிறேன். ப்ளூகிராஸுக்கு முந்தைய பாணியான ஓல்ட்-டைம் வாசிப்பவர்கள் சில மெட்டுகளுக்குத் தந்தியை ஏ-இ-ஏ-இ என்று மாற்றிக்கொள்வார்கள். அது 6 கட்டையில் நம் ச-ப-ச-ப. முதல் முறை கேட்டபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

4. தம்புராவை அணைத்துவிட்டு எண்களைக் கேளுங்கள்

நம் விரல் இவர்களைவிட வேகமாக ஓடும். காதுதான் பின்தங்கும், ஏனென்றால் நாம் மாறாத ஒரு 'ச'வின் மேல் வளர்ந்தவர்கள். இங்கே அடித்தளம் நகர்ந்துகொண்டே இருக்கும். கிடார் வாசிப்பவர் கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் மூன்று ஸ்வரம்) மாற்றுவதைத்தான் சொல்கிறேன். நாஷ்வில் இசைக்காரர்கள் அதை 1, 4, 5 என்று எண்ணால் சொல்வார்கள், எழுதுவார்கள். நம் கணக்கில் சங்கராபரணத்தின் ச, ம, ப. 1 என்றால் ச-க-ப, 4 என்றால் ம-த-ச, 5 என்றால் ப-நி-ரி. ஏறக்குறைய அவ்வளவுதான் முதல் வருஷத்துக்கு.

கிடார் 5க்குப் போயிருக்கும்போது நீங்கள் ஆசையாக 'ச'வில் நீட்டி நின்றால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் ஒரு மாதம் இந்தத் தவறைச் செய்துகொண்டு, என் சுருதி சுத்தம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சுருதி சுத்தம்தான், ஸ்வரம்தான் தப்பு. தினமும் ஒரு பாட்டைப் போட்டு, வயலின் இல்லாமல், எண்ணை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆறு வாரத்தில் காது பிடித்துவிடும்.

சுருதி மாற்றம் இன்னொரு தலைவலி. பாடகருக்கு 7 கட்டை வேண்டுமென்றால் "பி" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்துவிடுவார். கிடாரும் பாஞ்சோவும் கேப்போ (கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கவ்வி) மாட்டிக்கொள்ளும், நமக்கு அது கிடையாது. வெறும் தந்தி ஒன்றும் 'ச'வுக்கு உதவாத அந்த பி, பி ஃப்ளாட் இரண்டையும் ஆரம்பத்திலேயே பழகுங்கள். ஜி, ஏ, டி தானாக வந்துவிடும்.

கமகத்தைக் குறையுங்கள். சாதாரண காந்தாரத்தில் விரல் வைத்து அந்தர காந்தாரத்துக்கு வழுக்குகிற அந்த ஒன்று மட்டும் இங்கே பொன். கம்பிதம் வேண்டாம். 'ஓல்ட் ஜோ கிளார்க்' போன்ற மெட்டுகள் நம் ஹரிகாம்போஜி ஸ்வரங்களில் இருக்கும். அதைக் கேட்டதும் ஆலாபனைக்குப் போக மனசு துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

வில்லுக்கு முதல் பாடம் நாஷ்வில் ஷஃபிள்: ஒரு நீளம், இரண்டு குட்டை. சொற்கட்டில் "தாங் தக". தாளம் போடும்போது நாம் தட்டுவது ஒன்றில். இங்கே மாண்டலின் வெட்டுவது அதற்கு அடுத்த எதிர்த் தட்டில். காலால் ஒன்றைத் தட்டி, கையால் எதிரைத் தட்டிப் பழகுங்கள்.

5. ஜாம்: பக்கவாத்தியப் பழக்கத்தை வாசலிலேயே விடுங்கள்

இதைத்தான் நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டேன். கச்சேரியில் பாடகர் பாடும்போது வயலின் நிழல் மாதிரி கூடவே போக வேண்டும். அதுதான் நல்ல பக்கவாத்தியம். என் முதல் ஜாமில் ஒரு அம்மா பாட, நான் ஒவ்வொரு வரியையும் அவரோடு சேர்ந்து வாசித்தேன். அழகாக வந்தது என்றே நினைத்தேன். பாட்டு முடிந்ததும் கிடார்காரர் என் பக்கம் சாய்ந்து, "அவங்க பாடும்போது நீங்களும் பாடுறீங்க" என்றார். கோபமில்லை, ஆனால் காது சிவந்துவிட்டது.

இங்கே பாடகர் மூச்சு விடும் இடம்தான் உங்களுடையது. வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் வரை இரண்டு மூன்று ஸ்வரத்தில் ஒரு சின்ன நிரப்பல் போட்டுவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். மற்ற நேரம் மெல்லிய நீண்ட ஸ்வரம், இல்லை வில்லின் அடிப்பகுதியால் தந்தியை வெட்டும் "சாப்". வட்டத்தில் இன்னொரு ஃபிடில் இருந்தால் இருவரும் ஒரே இடைவெளியில் பாயக் கூடாது. முதல் சரணம் அவர், இரண்டாவது நீங்கள் என்று கண்ணாலேயே பேசிக்கொள்ளலாம்.

உங்கள் முறை வரும்போது பாட்டை நடத்துபவர் தலையசைப்பார். அதற்கு "பிரேக்" என்று பெயர், பாட்டின் மெட்டை ஒரு சுற்று நீங்கள் தனியாக வாசிப்பது. தயாராக இல்லையென்றால் தலையை லேசாக ஆட்டி அடுத்தவருக்கு விடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஃபிடிலை ஆரம்பிக்கச் சொன்னால், "போட்டேட்டோ" போடச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்: ஷஃபிளை நாலு முறை இழுத்து வேகத்தைக் காட்டுவது. நடத்துபவர் காலைத் தூக்கினால் இந்தச் சுற்றோடு முடிகிறது. பாட்டுகளுக்கு நடுவே சும்மா கீறிக்கொண்டிருக்காதீர்கள். இது எல்லா ஊர்க்காரருக்கும் எரிச்சல்.

போகும் ஜாம் ப்ளூகிராஸா, ஓல்ட்-டைமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஓல்ட்-டைமில் பிரேக் கிடையாது. எல்லாரும் சேர்ந்து ஒரே மெட்டைப் பத்துப் பன்னிரண்டு தடவை வாசிப்பார்கள். அங்கே போய்த் தனியாகப் பாய்ந்தால் அசிங்கம். புதியவர்களுக்கு அதுவே சுலபமான வாசல் என்பேன்: எட்டு பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி ஓர் அளவு) கொண்ட இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் இரண்டு முறை. ஐந்தாவது சுற்றில் உங்களுக்கும் வந்துவிடும்.

எங்கே போவது? நாஷ்விலில் ஸ்டேஷன் இன்னில் ஞாயிறு இரவு ஜாம் உண்டு. ஆனால் அங்கே வாசிப்பவர்களின் தரம் பயமுறுத்தும். முதல் மூன்று முறை பெட்டியைத் திறக்காமல் கேட்டுவிட்டு வாருங்கள். நூலகம், தேவாலயக் கூடம், இசைக்கருவிக் கடை இவற்றில் நடக்கும் மெதுவான ஜாம்கள்தான் உங்களுக்கு. பாஞ்சோ வாசிப்பாளர் பீட் வெர்னிக் தொடங்கிய ஜாம் வகுப்பு முறையும் பல மாநிலங்களில் நடக்கிறது, அடியிலிருந்து சொல்லித்தருவார்கள். வர்ஜீனியா பக்கம் போனால் ஃபிளாய்ட் ஊரின் கன்ட்ரி ஸ்டோரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடுங்கள். முழுநேரப் படிப்பாகவே வேண்டுமென்றால் ஜான்சன் சிட்டியில் உள்ள கிழக்கு டென்னசி பல்கலைக்கழகம் ப்ளூகிராஸில் பட்டமே தருகிறது.

கேட்க வேண்டிய ஃபிடில்காரர் பட்டியலைச் சின்னதாக வையுங்கள்: கென்னி பேக்கர், பாபி ஹிக்ஸ், ஸ்டூவர்ட் டங்கன், மைக்கேல் கிளீவ்லாண்ட். கன்ட்ரி இசைக்கு பட்டி ஸ்பைக்கர், ஜானி கிம்பிள். பிரேக்கை விட்டுவிடுங்கள், பாடகர் பாடும்போது இவர்கள் எதை வாசிக்காமல் விடுகிறார்கள் என்று கவனியுங்கள்.

6. விழாவும் போட்டியும்

வர்ஜீனியாவின் கேலக்ஸில் 1935 முதல் ஃபிடில் மாநாடு நடக்கிறது, ஆகஸ்ட் மாதம். ஐடஹோவின் வீசரில் ஜூனில் தேசியப் போட்டி. கன்சாஸின் வின்ஃபீல்டில் செப்டம்பரில் விழா. உலக ப்ளூகிராஸ் மாநாடு 2025இல் ராலேயிலிருந்து சட்டனூகாவுக்கு மாறியது, நாஷ்விலிலிருந்து காரில் இரண்டரை மணி நேரத்துக்குள். மேடையைவிடக் கூடாரங்களுக்கு நடுவே ராத்திரி நடக்கும் ஜாமில்தான் கற்றுக்கொள்வீர்கள். அதனால் ஒரு நாள் டிக்கெட் வேண்டாம், கூடாரம் போட இடத்தோடு வாங்குங்கள்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் விதிகளைப் படியுங்கள். வீசரில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஹோடவுன் (வேகமான நடன மெட்டு), ஒரு வால்ட்ஸ் (மூன்று எண்ணிக்கையில் போகும் நடன மெட்டு), இரண்டும் அல்லாத ஒரு மெட்டு, மூன்றும் நாலு நிமிஷத்துக்குள். பல போட்டிகளில் ரயில் சத்தம், பறவைச் சத்தம் காட்டும் வித்தை மெட்டுகளுக்குத் தடை. கூட்டம் கைதட்டுமே என்று நம்பி அதை எடுத்துப் போகாதீர்கள்.

கேலக்ஸும் சட்டனூகாவும் நாஷ்விலைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கின்றன. நான் பதிவு மேசைக்குச் சரியான நேரத்துக்குப் போனதாக நினைத்தேன், மேசையை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு மணி நேரம் கார் ஓட்டி, வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன்.

7. காசு வரும் வாசிப்பு

வேலை அனுமதி கையில் வந்த பிறகு இதைப் படியுங்கள்.

நாஷ்விலின் பிராட்வே பார்களில் கன்ட்ரி குழுக்கள் பெரும்பாலும் நாலு மணி நேர ஷிஃப்டில் வாசிக்கின்றன, இடைவேளை இல்லாமலே. அடிப்படைச் சம்பளம் கொஞ்சம், மீதி டிப்ஸ் வாளி. யார் வாளியை ஏந்திக்கொண்டு மேசை மேசையாகப் போவது, எப்படிப் பிரிப்பது, கார்டில் வரும் டிப்ஸ் எப்போது கைக்கு வரும், இந்த மூன்றையும் முதல் பாட்டுக்கு முன் கேட்டுவிடுங்கள். பின்னால் கேட்டால் அசடு வழியும். பார்க்கிங்குக்கு ஒரு சனிக்கிழமை முப்பது டாலர் கொடுத்திருக்கிறேன். அதனால் முதல் ஆறு மாதம் லாபம் என்று ஒன்றும் கிடையாது. வயலினின் ஒலியை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் ஒரு பிக்கப் (சுமார் 200 டாலர்), இசைக்காரர்களுக்கான காதடைப்பான் இரண்டும் அவசியம். காதடைப்பானைத் தள்ளிப்போடாதீர்கள், உங்கள் இடது காதுக்கு ஓரடியில் டிரம்ஸ் இருக்கும்.

ஸ்டுடியோ வாசிப்பு ஆறேழு வருஷம் கழித்து வரும் விஷயம். ஒரு செஷன் வழக்கமாக மூன்று மணி நேரம். பேப்பரில் ஸ்வரம் இருக்காது, எண்கள் மட்டும்தான். இசைக்கலைஞர் சங்கத்தின் நாஷ்வில் கிளை, லோக்கல் 257, சம்பள விகிதங்களை நிர்ணயித்து வைத்திருக்கிறது. டென்னசியில் சங்கத்தில் சேர யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அந்த மாதிரி அழைப்பு வரத் தொடங்கியதும் சேர்ந்தால் போதும்.

வரி. காசு தருபவர் உங்கள் வரி எண்ணுக்காக டபிள்யூ-9 படிவம் கேட்பார், நிரப்பிக் கொடுங்கள். 2025 வரை, ஒருவரிடமிருந்து வருஷத்தில் 600 டாலரோ அதற்கு மேலோ வந்தால், கொடுத்த காசை வரித்துறைக்குக் காட்டும் 1099 படிவம் அனுப்பினார்கள். 2026 முதல் அந்த வரம்பு 2,000 ஆகிவிட்டது. படிவம் வராததால் வரி இல்லை என்று ஒருவர் எனக்குச் சொன்னார், நம்பாதீர்கள். டிப்ஸ் உட்பட எல்லாம் வருமானம். செலவு போக நிகரமாக 400 டாலரோ அதற்கு மேலோ நின்றால், வருமான வரி தவிர 15.3 சதவீத சுயதொழில் வரியும் உண்டு. டென்னசியில் மாநில வருமான வரி இல்லை, ஆனால் வடக்கு கரோலினாவிலோ கென்டக்கியிலோ வாசித்த காசுக்கு அந்த மாநிலம் கேட்கும். வருஷத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் வரி வரும்போல் இருந்தால் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15ஆம் தேதிகளில் முன்கூட்டியே கட்டுங்கள். கார் ஓட்டிய மைலை அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 2025க்கு மைலுக்கு 70 சென்ட் கழித்துக்கொள்ளலாம், ஃபிடில்காரருக்கு இதைவிடப் பெரிய கழிவு கிடையாது. தந்தி, வில்லுக்கு மயிர் மாற்றிய செலவு, பிக்கப் ரசீதுகளும் சேரட்டும்.

வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். காசுக்கு வாசிக்கும் கருவியைப் பல பாலிசிகள் விலக்கிவைத்திருக்கும். இசைக்கருவிக்கெனத் தனிப் பாலிசி எடுங்கள். படம், வரிசை எண், கடைக்காரர் எழுதிக்கொடுத்த மதிப்பீடு மூன்றும் கேட்பார்கள்.

8. விமானத்தில் வயலின்

அமெரிக்க விமான நிறுவனங்கள், ஏறும் நேரத்தில் மேலே இடம் இருந்தால், வயலினைக் கைப்பையாக ஏற்றே ஆக வேண்டும் என்று 2015 முதல் போக்குவரத்துத் துறை விதி இருக்கிறது. "இடம் இருந்தால்" என்பதுதான் அதில் முக்கியம். அதனால் முன்னதாக ஏறும் வரிசைக்கு இருபது முப்பது டாலர் கூடக் கொடுப்பது வீண் செலவில்லை. ஒருமுறை வாசலில் என் பெட்டியைச் சரக்கில் போடச் சொன்னார்கள். விதியின் அச்சுப் பிரதியைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். ஒரு தாள் எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். சென்னைக்கு வளைகுடா வழியாகப் போகும்போது இந்த விதி பொருந்தாது. அந்தந்த நிறுவனத்தின் அளவுகளைப் பார்த்து, மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வில்லின் நுனி வெள்ளையாக இருந்தால், அது யானைத் தந்தமா, எலும்பா, பிளாஸ்டிக்கா என்று கடையில் எழுதி வாங்குங்கள். தந்தம் என்றால் உரிய சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது, வில் சுங்கத்தில் போய்விடும். நுனியை மட்டும் மாற்றிவிடலாம், அரை நாள் வேலை.